"நாம" தான் காரணமா? – பருவநிலை விஷயத்தில் ஒண்ணும் நடக்காமல் போன கதை

ஆபீஸ்ல ஏதாவது பெரிய சிஸ்டம் ஒண்ணு படுத்துட்டா, ரெண்டு நாள் கழிச்சு ஒரு மீட்டிங் நடக்கும். போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். யாரையும் திட்டக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது, செயல்முறை எங்கே உடைந்தது என்று மட்டும் பார்க்கணும் என்பது விதி. நல்ல விதிதான். இருபது வருஷமா நானும் அந்த மீட்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் கவனிச்சிருக்கேன். அறிக்கையில் "நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்" என்று ஒரு வரி வந்தால், அந்த "நாம்" என்பதற்குப் பின்னால் ரெண்டு பேர் இருப்பார்கள். மூணு மாசம் முன்னாடியே எச்சரிச்சு மெயில் போட்டவர் ஒருத்தர். அதைப் படிச்சிட்டு ஓரமா வச்சவர் இன்னொருத்தர். ரெண்டு பேரையும் ஒரே வார்த்தைக்குள்ள போட்டு மூடிடுவோம்.

இந்த ஞாபகம் வந்தது ஒரு கட்டுரையைத் திரும்பப் படிச்சப்போ. 2018 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ் மேகஸின் ஒரு முழு இதழையும் நதானியேல் ரிச் எழுதிய ஒரே கட்டுரைக்குக் கொடுத்தது. 1979 முதல் 1989 வரை பத்து வருஷம், பருவநிலை மாற்றத்தை அமெரிக்கா தடுத்திருக்க முடியும், எல்லாம் கைகூடி வந்தது, கடைசியில் நழுவிப்போச்சு என்பது கதை. யார் நழுவ விட்டது? ரிச்சின் பதில், சுருக்கமா: நாமதான். மனுஷன் தூரத்து ஆபத்தை உணரமாட்டான், இன்றைய வசதியைப் பேரனுக்காக விட்டுக்கொடுக்கமாட்டான். எண்ணெய்க் கம்பெனிகளை மட்டும் வில்லனாக்குவது அந்தப் பத்து வருஷத்துக்குப் பொருந்தாது என்கிறார்.

முதல் தடவை படிச்சப்போ எனக்கு இது ரொம்ப நேர்மையான பதிலாத் தோணுச்சு. இப்போ அப்படித் தோணலை. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி கதையைக் கொஞ்சம் பார்த்துடுவோம்.

கார்பன் டை ஆக்ஸைடு பூமியைச் சூடாக்கும் என்று ஸ்வீடன்காரர் அர்ஹீனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டுவிட்டார். 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய் தீவின் மௌனா லோவா மலைமேல் காற்றை அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 1965-ல் ஜனாதிபதி ஜான்சனுக்கு அவருடைய அறிவியல் ஆலோசனைக் குழு கொடுத்த அறிக்கையிலேயே இது பற்றித் தனிப் பகுதி இருக்கு. 1979-ல் ஜூல் சார்னி தலைமையில் ஒரு சின்னக் குழு கூடி, கார்பன் டை ஆக்ஸைடு இரட்டிப்பானால் வெப்பநிலை சுமார் 3 டிகிரி உயரும், கூடக் குறைய ஒன்றரை டிகிரி என்று சொன்னது. நாற்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறமும் அந்த நடு எண் பெருசா மாறலை. ஆக, "அப்போ தெரியாது" என்ற வாதம் முதல் ரவுண்டுலேயே அவுட்.

இதே காலத்தில் எக்ஸான் கம்பெனிக்குள்ளே என்ன நடந்தது? 1977 ஜூலையில் ஜேம்ஸ் பிளாக் என்ற கம்பெனி விஞ்ஞானி மேலதிகாரிகள் முன்னால் நின்று பாடம் எடுத்தார். பெட்ரோல், நிலக்கரி எரிப்பதுதான் காரணம் என்பதில் விஞ்ஞானிகளிடையே பொதுவான உடன்பாடு இருக்கு என்றார். எரிசக்தி விஷயத்தில் கடினமான முடிவு எடுக்க அஞ்சு முதல் பத்து வருஷம் இருக்கலாம் என்று அடுத்த வருஷம் எழுதியும் கொடுத்தார். கம்பெனி அதை ஒதுக்கவில்லை, அதைச் சொல்லியாகணும். எஸ்ஸோ அட்லாண்டிக் என்ற எண்ணெய்க் கப்பலில் கருவிகளை மாட்டி கடல் மேல் கார்பன் டை ஆக்ஸைடை அளந்தாங்க. சொந்தமா மாடல் எழுதினாங்க. அந்த மாடல்கள் எவ்வளவு சரி என்று 2023-ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது: பத்து வருஷத்துக்கு 0.2 டிகிரி என்று எக்ஸான் விஞ்ஞானிகள் கணித்த வேகம் கிட்டத்தட்ட அப்படியே நடந்திருக்கு. நான் எழுதின எந்த கெப்பாசிட்டி பிளானும் ரெண்டு வருஷத்துக்குக்கூட இவ்வளவு துல்லியமா இருந்ததில்லை.

அதே கம்பெனியின் தலைவர் லீ ரேமண்ட் 1997 அக்டோபரில் பெய்ஜிங்கில் பேசினார். பூமி இருபது வருஷத்துக்கு முன்னாடி இருந்ததைவிட இப்போ குளிர்ச்சியா இருக்கு என்றார். இந்த ரெண்டு பத்தியையும் சேர்த்துப் படிச்சால், "நாம" என்ற வார்த்தை கொஞ்சம் வழுக்க ஆரம்பிக்குது இல்லையா.

சரி, ரிச் சொல்லும் முக்கியக் காட்சிக்கு வருவோம். 1988 ஜூன் 23. வாஷிங்டனில் கொளுத்தும் வெயில். நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் செனட் கமிட்டி முன்னால், இந்த வெப்பநிலை உயர்வு இயற்கையான ஏற்ற இறக்கம் இல்லை என்று 99 சதவீத உறுதியோடு சொல்லலாம் என்றார். மறுநாள் பேப்பர்களில் பெரிய செய்தி. அந்த வருஷத் தேர்தலில் நின்ற மூத்த ஜார்ஜ் புஷ், பசுமைக்குடில் விளைவை எதிர்க்க வெள்ளை மாளிகை விளைவு இருக்கு என்று வார்த்தை விளையாட்டோடு வாக்குறுதி கொடுத்தார். குடியரசுக் கட்சிக்காரர்! அப்போது இது கட்சிச் சண்டை இல்லை. அதுக்கு முந்தின வருஷம்தான் ஓசோனைக் காப்பாற்ற மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. வழி தெரியும், முன்னுதாரணம் இருக்கு, மக்கள் கவனிக்கிறாங்க.

புஷ் ஜெயித்தார். அவருடைய தலைமை அதிகாரியாக ஜான் சுனுனு வந்தார். இந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசணும், ஏன்னா நம்ம ஆளு. எஞ்சினியர். எம்ஐடியில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் டாக்டர் பட்டம். நியூ ஹாம்ப்ஷையர் கவர்னராக இருந்தவர். விஞ்ஞானிகள் சொல்வதை அப்படியே நம்பமாட்டேன், நானே பார்க்கிறேன் என்று எளிமைப்படுத்தின ஒரு பருவநிலை மாடலைத் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டிப் பார்த்தார். கடலை இந்த மாடல்கள் சரியாகக் கணக்கில் எடுக்கலை, இதை நம்பி பொருளாதாரத்தில் கை வைக்க முடியாது என்பது அவர் கட்சி.

எனக்கு இவர்மேல் கோபத்தைவிட ஒரு கூச்சம்தான் வருது. இந்த வகை ஆளை எனக்குத் தெரியும். நானே பல நேரம் இந்த வகை ஆள்தான். ஒரு துறையில் கெட்டி என்பதால் இன்னொரு துறைக்காரர் முப்பது வருஷம் செய்த வேலையை ஒரு சாயந்திரத்தில் பிரிச்சு மேஞ்சுடலாம் என்ற நம்பிக்கை. மாடலில் ஓட்டை இருக்கு என்று கண்டுபிடிச்சது சரி. எல்லா மாடலிலும் ஓட்டை இருக்கும். ஆனால் ஓட்டை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று தெரியாதபோது, "அதனால ஒண்ணும் செய்யவேண்டாம்" என்ற முடிவு எங்கேயிருந்து வருது? அது அறிவியலிலிருந்து வரலை. முன்னாடியே எடுத்து வச்ச முடிவு.

1989 மே மாசம் ஹான்சன் மறுபடி செனட்டில் சாட்சி சொல்லப் போனபோது, அவருடைய எழுத்துச் சாட்சியத்தை வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் திருத்தியிருந்தது. அவரே அதைச் சபையில் போட்டு உடைத்தார். நவம்பரில் நெதர்லாந்தின் நோர்ட்வைக் நகரில் அமைச்சர்கள் மாநாடு. 2000-ம் ஆண்டுக்குள் கார்பன் வெளியீட்டை அதே அளவில் நிறுத்துவது என்று பல நாடுகள் தயாராக வந்தன. குறைக்கக்கூட இல்லை, நிறுத்துவது. அமெரிக்கா மறுத்தது. ஜப்பான், பிரிட்டன், சோவியத் யூனியன் சேர்ந்துகொண்டன. தேதியும் அளவும் இல்லாத ஒரு தீர்மானத்தோடு எல்லோரும் வீடு திரும்பினாங்க.

பல வருஷம் கழிச்சு ரிச்சிடம் சுனுனு சொன்னது சுவாரசியமானது. அன்றைக்கு ஒப்பந்தம் வந்திருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது, எல்லாத் தலைவர்களும் செலவில்லாமல் ஆதரிக்கிற மாதிரி காட்டிக்கத்தான் பார்த்தாங்க என்றார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதுதான், ஆனால் முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. மார்கரெட் தாட்சர் அந்த மாசம்தான் ஐநா சபையில் பருவநிலை பற்றி அருமையான உரை நிகழ்த்தியிருந்தார். அவருடைய அரசும் நோர்ட்வைக்கில் மறுத்தவர்கள் பக்கம்தான் உட்கார்ந்திருந்தது.

இதுவரைக்கும் ரிச் கதை. அவர் இங்கே நிறுத்திவிட்டு "மனித இயல்பு" என்கிறார். எனக்கு இங்கேதான் உதைக்குது. ஒரு வெள்ளை மாளிகை அதிகாரி, ஒரு பட்ஜெட் அலுவலகம், நாலு அரசுகள், ஒரு மாநாடு. இதில் மனித இனம் எங்கே வந்துச்சு? ஓட்டுப்போட்ட அமெரிக்கர்கள் "நடவடிக்கை எடுப்பேன்" என்று சொன்ன ஆளைத்தானே தேர்ந்தெடுத்தாங்க.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் வெளிப்படை. 1989-ல் குளோபல் கிளைமேட் கோஅலிஷன் என்று ஒரு அமைப்பு உருவானது. எண்ணெய், நிலக்கரி, கார், மின்சாரக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தினது. பெயரைக் கேட்டால் ஏதோ மரம் நடுகிற சங்கம் மாதிரி இருக்கும். அறிவியல் இன்னும் முடிவாகலை என்று பத்து வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஆனால் 1995-ல் அந்த அமைப்புக்காக அதன் சொந்தத் தொழில்நுட்பக் குழு தயாரித்த குறிப்பில், பசுமைக்குடில் விளைவின் அறிவியல் அடிப்படை உறுதியானது, மறுக்க முடியாது என்று இருந்தது. 1998-ல் அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தைச் சுற்றி இருந்த ஒரு குழுவின் திட்டம் பேப்பருக்குக் கசிந்தது. சராசரி குடிமகன் மனசில் "இது நிச்சயமில்லை" என்பது பதிந்துவிட்டால் அதுவே வெற்றி என்று அதில் எழுதி வைத்திருந்தாங்க. வெற்றிக்கு அளவுகோல் வரைக்கும் எழுதின ரெக்வயர்மெண்ட் டாக்குமெண்ட்!

ஆக, குடிமகனின் அக்கறையின்மை கொஞ்சம் இயற்கை, கொஞ்சம் தயாரிப்பு. தயாரிப்புச் செலவு யார் கொடுத்தது என்பதற்கும் பில் இருக்கு. "கார்பன் ஃபுட்பிரின்ட்" என்ற வார்த்தையைப் பாருங்க. அதன் வேர் 1990-களின் சூழலியல் ஆய்வில் இருக்கு. ஆனால் ஊரெல்லாம் பரப்பியது பிபி எண்ணெய்க் கம்பெனி. 2004 வாக்கில் உங்க கார்பன் தடம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க ஒரு கால்குலேட்டரே போட்டுக் கொடுத்தாங்க. எண்ணெய் விக்கிறவர் நம்ம கையில் கால்குலேட்டரைக் கொடுத்து, உன் பங்கைப் பாருன்னு சொல்றார்.

ஆனால் கம்பெனிகளை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோகவும் முடியாது. 1997 ஜூலை 25, அமெரிக்க செனட். கியோட்டோ மாநாட்டுக்கு அஞ்சு மாசம் முன்னாடி ஒரு தீர்மானம்: வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத, அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கடும் சேதம் விளைவிக்கிற எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதே. ஓட்டு 95–0. எதிர்த்து ஒருத்தர்கூட இல்லை. வளரும் நாடு என்றால் சீனா, இந்தியா. அப்போது ஒரு அமெரிக்கர் வருஷத்துக்கு சுமார் 20 டன் கார்பன் டை ஆக்ஸைடு வெளியிட்டார். ஒரு இந்தியர் சுமார் 1 டன். அந்த வருஷம் தொழில் அமைப்புகள் போட்ட டிவி விளம்பரத்தில், கத்தரிக்கோல் ஒண்ணு வந்து உலக வரைபடத்திலிருந்து விலக்கு பெற்ற நாடுகளை வெட்டி எடுக்கும்.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ராபர்ட் பேர்ட். ஜனநாயகக் கட்சி, மேற்கு வர்ஜினியா, நிலக்கரி மாநிலம். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீங்க? தன் ஊர்த் தொழிலாளிக்காக நின்றார் என்று சொல்லலாம். ஆனால் அந்த மாநிலத்தில் 1950-ல் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த சுரங்கத் தொழிலாளர் எண்ணிக்கை, எந்தப் பருவநிலைச் சட்டமும் வருவதற்கு முன்னாடியே 1990-களின் கடைசியில் இருபதாயிரம் வாக்கில் வந்துவிட்டது. வேலையைத் தின்றது மிஷின்கள். அந்தக் குடும்பங்களுக்கு மாற்று வழி கேட்க ஒரு பெரிய பேரம் பேசியிருக்கலாம். 2009 டிசம்பரில், சாவதற்கு ஆறு மாசம் முன்னாடி, தன் 92 வயசில் பேர்ட் இதையேதான் எழுதினார்: மாற்றம் வருது, நிலக்கரித் தொழில் அதை ஏத்துக்கணும் என்று. பன்னிரண்டு வருஷம் லேட்.

அரசியல்வாதிகள் பயந்ததுக்கும் காரணம் இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது. 1993-ல் கிளிண்டன் எரிசக்திக்கு வரி போடப் பார்த்தார். கீழ்ச்சபையில் 219–213 என்று ஜெயித்தது. செனட்டில் எண்ணெய் மாநில உறுப்பினர்களால் செத்தது. கடைசியில் காலனுக்கு 4.3 சென்ட் பெட்ரோல் வரிதான் மிஞ்சியது. ஆதரித்து ஓட்டுப் போட்டவர்கள் நடுவழியில் நின்றாங்க. அடுத்த வருஷத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 54 இடங்களை இழந்தது. காரணங்கள் பல. ஆனால் அரசியல்வாதி படிச்சுக்கிட்ட பாடம் ஒண்ணுதான்.

இனி நம்ம பங்கு. இங்கே நான் எனக்கு நேர்ந்ததையே சொல்றேன். 2016-ல் புராஜெக்ட் விஷயமா சியாட்டில் பக்கம் குடும்பத்தோடு இருந்தேன். அந்த மாநிலத்தில் தேர்தல் நேரத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரு தடிமனான கையேடு தபாலில் வரும், விசாவில் இருக்கிறவன் வீட்டுக்கும். அந்த வருஷம் அதில் ஒரு கேள்வி: கார்பனுக்கு வரி போடலாமா? டன்னுக்கு 15 டாலரில் ஆரம்பித்து அடுத்த வருஷம் 25, பிறகு மெதுவாக ஏறும். கிடைக்கிற பணத்தை அரசு வச்சுக்காது. விற்பனை வரியில் ஒரு சதவீதப் புள்ளியைக் குறைத்துவிடும். எகனாமிக்ஸ் வாத்தியார் கனவில் வருகிற மாதிரியான சட்டம்.

நான் அந்தக் கையேட்டைக் கிச்சன் மேடையில் வச்சுப் படிச்சேன். என் கண்ணில் பட்டது ஒரே விஷயம்: பெட்ரோல் காலனுக்கு சுமார் 25 சென்ட் ஏறும். தினம் 60 மைல் ஓட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் நவம்பரில் சுமார் 59 சதவீதம் பேர் வேண்டாம் என்று தோற்கடிச்சப்போ, எனக்குள்ளே ஒரு சின்ன நிம்மதி வந்தது உண்மை. ஹான்சன் பற்றி அப்போவே படிச்சிருந்தவன் நான்.

ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கணக்குப் போட்டேன். காலனுக்கு 25 மைல் கொடுக்கிற கார், மாசம் 22 நாள்: சுமார் 13 டாலர் கூடுதல். வரி உள்ள சாமான் மாசம் ஆயிரம் டாலருக்கு வாங்கினால் 10 டாலர் மிச்சம். மூணு டாலர். ஒரு காபி. அந்த மூணு டாலரைக் காப்பாத்திக்க என் மனசு எந்தக் கம்பெனி விளம்பரமும் பார்க்காமலே தயாரா இருந்துச்சு. ரிச் சொன்ன மனித இயல்பு பொய் இல்லை. எனக்கு நேரடி சாட்சி இருக்கு.

2018-ல் வேறு வடிவத்தில் மறுபடி ஓட்டுக்கு வந்தது. இந்த முறை எண்ணெய்க் கம்பெனிகள் 3 கோடி டாலருக்கு மேல் கொட்டி எதிர்த்தன. மறுபடி தோல்வி. இதில் வேடிக்கை, 2016-ல் எதிர்த்தவர்களில் மாநில ஜனநாயகக் கட்சியும் உண்டு. சில சுற்றுச்சூழல் அமைப்புகள் ஆதரிக்க மறுத்தன. பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் சுத்தமான மின்சாரத்துக்கும் ஏழை ஏரியாக்களுக்கும் செலவழிக்கணும் என்பது அவங்க கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான், ஆனால் கையில் கிடைச்சதும் போச்சு. நல்லவர்களின் பங்கு என்று ஒரு தலைப்பு யாராவது எழுதினால் இதைச் சேர்க்கலாம்.

எனக்குப் புரிகிற அளவில், பொறுப்பை எடை போட மூணு விஷயம் பார்க்கணும். தெரிஞ்சுதா, முடிவை மாத்துகிற கை இருந்துச்சா, வேற வழியில் போனால் அவருக்கு என்ன இழப்பு. எக்ஸானுக்குத் தெரியும், கை நீளம், இழப்பு லாபத்தில் ஒரு பங்கு. சுனுனுவுக்குத் தெரிஞ்சுக்க எல்லா வசதியும் இருந்தது, ஒரு நாட்டின் நிலைப்பாடே கையில் இருந்தது. பேர்டுக்குத் தெரியும், ஒரு ஓட்டும் பெரிய செல்வாக்கும் இருந்தது, இழப்பு பதவியாக இருக்கலாம். எனக்குத் தெரியும், ஓட்டுக்கூட இல்லை, இழப்பு மூணு டாலர். எனக்குப் பூஜ்யம் போட்டுக்க மாட்டேன். ஆனால் இந்த நாலு பேரையும் "நாம" என்று கூட்டி நாலால் வகுக்கிறதை இனி ஏத்துக்கவும் மாட்டேன். தொழிற்புரட்சியிலிருந்து மனுஷன் வெளியிட்ட கார்பன் டை ஆக்ஸைடில் பாதிக்கு மேல் 1988-க்கு அப்புறம் வெளியானது. அதாவது ஹான்சன் சாட்சி சொன்ன பிறகு. அந்தத் தாமதத்தில் ஒரு வருஷம் கூட்டினவனும் மூணு டாலர் கணக்குப் பார்த்தவனும் ஒண்ணு இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கு. "மக்கள் இப்படித்தான்" என்பது மாறாத எண் இல்லை. 2022-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு: முக்கியமான பருவநிலைக் கொள்கைகளை அமெரிக்கர்களில் 66 முதல் 80 சதவீதம் பேர் ஆதரிக்கிறாங்க. ஆனால் எத்தனை பேர் ஆதரிப்பாங்க என்று அவங்ககிட்டயே கேட்டால், 37 முதல் 43 சதவீதம் என்கிறாங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு அக்கறை இல்லை என்று ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. மனித இயல்பு என்று கட்டுரை எழுதுவதும் அந்த நினைப்பை வளர்க்கத்தான் செய்யுது.

அந்த வாஷிங்டன் மாநிலத்திலேயே மீதிக் கதையைப் பாருங்க. 2021-ல் சட்டமன்றம் மக்களிடம் கேட்காமல் கார்பன் உச்சவரம்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023-ல் அமலுக்கு வந்தது. பெட்ரோல் விலை ஏறியது, கொஞ்ச நாள் நாட்டிலேயே அதிக விலை அங்கேதான். ஒழித்துக்கட்டணும் என்று 2024 நவம்பரில் மறுபடி மக்கள் முன்னால் கொண்டுவந்தாங்க. அதுக்குள்ளே அந்தப் பணத்தில் 18 வயசு வரைக்கும் பிள்ளைகளுக்கு பஸ் இலவசம் ஆகியிருந்தது. வருமானம் குறைவான, நடுத்தரக் குடும்பங்களின் கரெண்ட் பில்லில் 200 டாலர் கழிஞ்சிருந்தது. ரெண்டு தடவை வேண்டாம் என்று சொன்ன அதே மாநிலத்தில் சுமார் 62 சதவீதம் பேர், சட்டத்தைத் தூக்கவேண்டாம் என்று ஓட்டுப் போட்டாங்க.

அங்கேயே தங்கிட்ட என் பழைய டீம்மேட் ஒருத்தன், இப்போ குடியுரிமை வாங்கிட்டான், அன்னிக்கு ராத்திரி ரிசல்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். நீ என்ன போட்டே என்று கேட்டேன். பொண்ணு பஸ்ல போறா, வேற என்ன போடுவேன் என்றான்.